1,957 டன் 1,232 டன் ஆன கணக்கு: ஒரு ஐந்து தள மாடலின் மொத்த நிறையைச் சரிபார்த்த அனுபவம்

ஐந்து தளக் கட்டடம் ஒன்றின் கணினி மாடலில், கையால் போட்ட கணக்கும் மென்பொருள் காட்டிய மொத்த நிறையும் கடைசியில் ஒத்துப்போய்விட்டன. இரண்டுமே 1,232.8 டன். அந்த இடத்துக்கு வந்த வழியை வரிசையாக எழுதி வைக்கிறேன். கட்டமைப்புப் பகுப்பாய்வு மாடல்களோடு தினமும் புழங்குகிறவர்களில் பலர் எடையைச் சரிபார்ப்பார்கள், நிறையைச் சரிபார்ப்பதில்லை. எடை சரியாக இருந்தாலே நிறையும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த மாடலில் எடை கடைசிப் புள்ளி வரை சரியாக இருந்தது. நிறை மட்டும் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருந்தது.

வேலை இதுதான். ஏற்கெனவே வேறொருவர் தயாரித்திருந்த கான்கிரீட் சட்டக மாடல் கைக்கு வந்தது. கூரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி சேர்க்க வேண்டும், நிலநடுக்கப் பகுப்பாய்வை மறுபடி ஓட்ட வேண்டும். திட்ட அளவு 18 மீட்டருக்கு 12 மீட்டர், இரு திசையிலும் 6 மீட்டர் இடைவெளி. தளத்துக்கு 12 தூண்கள், ஒவ்வொன்றும் 450க்கு 450 மிமீ. பீம்கள் 300க்கு 500, ஸ்லாப் 150 மிமீ. ஐந்து ஸ்லாப்கள், தளத்துக்கு 3.5 மீட்டர் உயரம், மொத்தம் 17.5 மீட்டர். அடித்தாங்கிகள் எல்லாம் இறுக்கமானவை.

தொட்டியைச் சேர்க்கும் முன் மாடலை இருந்தபடியே ஒருமுறை ஓட்டினேன். முதல் அலைவுக் காலம் 1.54 வினாடி வந்தது. உயரத்தை மட்டும் வைத்துப் போடும் அனுபவச் சூத்திரம் (0.075 பெருக்கல் உயரத்தின் 0.75 அடுக்கு) 0.64 வினாடி தருகிறது. சுவர்களின் விறைப்பைச் சேர்க்காத வெறும் சட்டக மாடல் சூத்திரத்தைவிட நீளமான காலம் தருவது வழக்கம்தான். ஆனால் ஐந்து தளத்துக்கு ஒன்றரை வினாடி என்பது உறுத்தியது. காலம் நீள்கிறதென்றால் ஒன்று விறைப்பு குறைவு, இல்லை நிறை அதிகம். விறைப்பைத் தேடிப் போவது நீண்ட வேலை. நிறையை ஒரு விரிதாளில் முடித்துவிடலாம், அதனால் அதை முதலில் எடுத்தேன்.

கைக்கணக்கு

மென்பொருளின் எந்த அட்டவணையையும் பார்க்காமல் முதலில் கைக்கணக்கைப் போட்டுவிட வேண்டும். அது காட்டும் எண்ணைப் பார்த்த பிறகு போட்டால், நம் கணக்கு தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கான்கிரீட்டுக்கு கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன். ஒரு தளத்து ஸ்லாப்: 18 × 12 × 0.15 × 25 = 810. பீம்களின் நீளம் மையக்கோட்டு வழியே மூன்று வரிசை 18 மீட்டரும் நான்கு வரிசை 12 மீட்டரும், ஆக 102 மீட்டர். மீட்டருக்கு 3.75 வீதம் 382.5. தூண்கள்: 12 × 0.2025 × 3.5 × 25 = 212.6. தளத்துக்கு 1,405.1 கிலோநியூட்டன், ஐந்துக்கும் 7,025.6. இதை 9.80665ஆல் வகுத்தால் சுய நிறை 716.4 டன்.

இதற்கு மேல் வருபவை: நான்கு மாடிகளில் தரைப்பூச்சு சதுர மீட்டருக்கு 1.5, கூரையில் 2.5 கிலோநியூட்டன், ஆக 1,836. வெளிச்சுற்றுப் பீம்களில் சுவர் மீட்டருக்கு 10 வீதம் நான்கு மாடிக்கு 2,400, கூரையின் கைப்பிடிச்சுவர் மீட்டருக்கு 3 வீதம் 180, ஆக 2,580. லைவ் லோட் (ஆட்கள், சாமான்கள் போன்ற மாறும் சுமை) மாடிகளில் சதுர மீட்டருக்கு 3, கூரையில் 1.5.

லைவ் லோடில் எவ்வளவு நிறையாகும் என்பது விதிமுறையைப் பொறுத்தது. இந்த மாடல் இந்திய நிலநடுக்க விதிமுறையான ஐ.எஸ். 1893இன்படி அமைந்தது. அதில் 3 கிலோநியூட்டன் வரை 25 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம், கூரை லைவ் லோடை எடுக்க வேண்டாம். அமெரிக்க விதிமுறையான ஏ.எஸ்.சி.இ. 7இல் சாதாரண மாடிகளின் லைவ் லோட் நிறைக் கணக்குக்கு வருவதே இல்லை, கிடங்குத் தளங்களுக்குத்தான் 25 சதவீதம் வரும். எந்த விதிமுறை என்பதை விரிதாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. இங்கே 4 × 648 × 0.25 = 648.

மொத்தம் 12,089.6 கிலோநியூட்டன், அதாவது 1,232.8 டன்.

மென்பொருள் காட்டியது

கணுக்களில் (உறுப்புகள் சந்திக்கும் புள்ளிகளில்) சேர்த்த நிறைகளின் அட்டவணையை ஏற்றுமதி செய்து, குறுக்குத் திசை நெடுவரிசையைக் கூட்டினேன். 1,957.5 டன். கைக்கணக்கைவிட 724.7 டன் அதிகம்.

முதலில் அலகுகள் மேல்தான் சந்தேகம். இந்தச் சந்தேகம் வருவது நியாயமே. கிலோநியூட்டன், மீட்டர், வினாடி என்று வைத்தால் நிறையின் அலகு டன். நியூட்டன், மில்லிமீட்டர் என்று வைத்தாலும் டன்தான். ஆனால் கிலோநியூட்டனையும் மில்லிமீட்டரையும் கலந்தால் ஒரு அலகு என்பது ஆயிரம் டன், அப்போது இதே கட்டடத்தின் நிறை 1.2328 என்று தெரியும். அங்குலமும் பவுண்டும் புழங்கும் மாடல்களில் எடையை 386.1ஆல் வகுக்க வேண்டும். நாஸ்ட்ரான் மென்பொருளில் அந்த வகுத்தலுக்கென்றே தனி அளவுரு உண்டு, 0.00259 என்று கொடுப்பார்கள். இவற்றில் எது தவறினாலும் விடை ஆயிரம் மடங்கோ, 9.8 மடங்கோ, 386 மடங்கோ விலகும். இங்கே விலகல் 1.59 மடங்கு. எந்த அலகுப் பிழையும் இப்படி ஒரு விகிதத்தைத் தராது என்பதை முன்பே யோசித்திருந்தால், பொருள் பண்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த நேரம் மிச்சமாகியிருக்கும். கான்கிரீட்டின் எடையடர்த்தி 25, நிறையடர்த்தி 2.549 என்று எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

அடுத்த சந்தேகம், ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டித்துக் கிடக்கும் உறுப்புகள். ஒரு தளத்தை நகலெடுத்து மேலே ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். திரையில் பார்த்தால் ஒரே ஸ்லாப்தான் தெரியும், கீழே இன்னொன்று படுத்திருக்கும். இதற்குப் பொருள் பட்டியல் அட்டவணை போதும். மொத்தக் கான்கிரீட் 281.0 கன மீட்டர் என்று காட்டியது. என் கணக்கில் 7,025.6 ÷ 25 = 281.0. ஆக இரட்டிப்பு எதுவும் இல்லை.

அப்புறம் சுய எடை லோடுக்கு அடித்தாங்கி எதிர்விசைகளைக் கூட்டினேன். 7,025.6. பூச்சு 1,836, சுவர் 2,580. எல்லாம் பிசிறில்லாமல் பொருந்தின. வழி திரும்பியது இந்த இடத்தில்தான். வடிவமும் சரி, பொருளும் சரி, லோடுகளும் சரி, நிறை மட்டும் தவறு என்றால் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும்: எதையெல்லாம் நிறையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் மாஸ் சோர்ஸ் அமைப்பில்.

மாஸ் சோர்ஸ்

ஈடாப்ஸ் போன்ற மென்பொருள்களில் நிறைக்கு மூன்று வாசல்கள் உண்டு: உறுப்புகளின் சுய நிறை, கணுக்களிலோ கோடுகளிலோ தனியாகக் கொடுத்த கூடுதல் நிறை, குறிப்பிட்ட லோடுகளைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து வரும் நிறை. மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம். திறந்தால் மூன்றும் கூடும். ஒரே பொருள் இரண்டு வாசல் வழியாக வருகிறதா என்று மென்பொருள் பார்ப்பதில்லை.

இந்த மாடலில் சுய நிறைக்கான பெட்டியில் குறி இருந்தது. லோடுகளின் பட்டியலில் சுய எடை லோடும் 1.0 பெருக்கியோடு இருந்தது. அந்த லோடுக்கு சுய எடைப் பெருக்கி 1. அதனால் 716.4 டன் இரண்டு தடவை வந்துவிட்டது. பட்டியலில் இருந்து சுய எடை லோடை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டியதும் மொத்தம் 1,241.1 டன் ஆனது.

இன்னும் 8.3 டன் அதிகம். ஒரு சதவீதத்துக்கும் குறைவு, விட்டுவிடலாம் என்று தோன்றும். நான் விடவில்லை, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் மென்பொருளும் நானும் ஒரே மையக்கோட்டு அளவுகளைத்தான் வைத்திருக்கிறோம். வித்தியாசம் வர முகாந்திரமே கிடையாது. 8.3 டன்னை எடையாக்கினால் ஏறக்குறைய 81 கிலோநியூட்டன். விரிதாளில் 81ஐத் தேடினேன். கூரை லைவ் லோட் 216 × 1.5 = 324, அதில் கால் பங்கு 81. கூரை லைவ் லோடும் மாடி லைவ் லோடும் ஒரே பெயரில் ஒரே லோடாகப் போடப்பட்டிருந்தன, 0.25 பெருக்கி இரண்டுக்கும் சேர்ந்து விழுந்தது. கூரைக்கெனத் தனி லோட் உருவாக்கி மாற்றியதும் 1,232.8.

வித்தியாசத்தைச் சதவீதமாகப் பார்ப்பதைவிட எடையாக மாற்றிப் பார்ப்பது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது. 0.7 சதவீதம் என்பதிலிருந்து ஒன்றும் தெரியவராது. 81 கிலோநியூட்டன் என்றால் எந்தத் தளத்தில், எந்த லோடில் என்று விரிதாளே காட்டிக்கொடுத்துவிடும்.

அலைவுக் காலம் 1.54இலிருந்து 1.22 வினாடிக்கு இறங்கியது. நிறைகளின் விகிதம் 1.588, அதன் வர்க்கமூலம் 1.26. காலங்களின் விகிதமும் 1.26. விறைப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய ஓட்டத்தின் அறிக்கையில் நிறைப் பங்கேற்பு விகிதம் (மொத்த நிறையில் எவ்வளவு, கணக்கில் எடுத்த அலைவுகளில் பங்கெடுக்கிறது என்பது) 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, தேவையான அளவு முறைகள், அதாவது கட்டடம் ஆடும் வடிவங்கள், எடுக்கப்பட்டிருந்தன. பார்த்தால் எல்லாம் நிறைவாகத் தெரியும். ஆனால் அது விகிதம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் சேர்ந்தே பெருத்திருந்தால் விகிதத்தில் எதுவும் தெரியாது. பங்கேற்பு விகிதத்தை மொத்த நிறைக்கான சோதனையாக யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

தளவாரியாகப் பார்த்தபோது

மொத்தம் பொருந்தியதும் தளவாரியான நிறைச் சுருக்கத்தை எடுத்தேன். கீழ் நான்கு தளங்களும் 254.0 டன், கூரை 205.9. கூட்டினால் 1,222.0 டன்தான் வருகிறது. 10.8 டன் எங்கே?

அது அடிமட்டத்தில் இருக்கிறது. தூணின் நிறை மேல் முனைக்குப் பாதி, கீழ் முனைக்குப் பாதி என்று பிரிகிறது. முதல் தளத்துத் தூண்களின் கீழ்ப் பாதி, 106.3 கிலோநியூட்டன், இறுக்கிப் பிடித்த தாங்கிக் கணுக்களில் போய் உட்காருகிறது. அந்தக் கணு அசையாது, ஆகவே அந்த நிறை எந்த அலைவிலும் பங்கெடுக்காது. சில மென்பொருள்கள் பங்கேற்பு விகிதத்தின் வகுஎண்ணில் இதை விட்டுவிடும், சில சேர்த்துக்கொள்ளும். சேர்த்துக்கொள்பவற்றில் எத்தனை முறைகள் எடுத்தாலும் விகிதம் 100ஐத் தொடாது.

இதை உறுதிப்படுத்த ஒரே ஒரு தூணை வைத்துத் தனிக் கோப்பு போட்டேன். 450க்கு 450, 3.5 மீட்டர், கீழே இறுக்கம், மேலே வெறுமை. எடை 17.72 கிலோநியூட்டன், நிறை 1.807 டன். துண்டுகளாக உடைக்காமல் ஒரே உறுப்பாக வைத்தபோது மேலே 0.903, கீழே 0.903. இதில் வரும் அதிர்வெண், வகுப்பில் படித்த தொடர் கம்பத்தின் (நிறை நீளம் முழுக்கப் பரவிய கம்பத்தின்) விடையைவிட 30 சதவீதம் குறைவாக இருக்கும். தொடர் கம்பத்துக்கு குணகம் 3.516, நுனியில் பாதி நிறையை வைத்தால் 6இன் வர்க்கமூலம், 2.449. பத்தாக உடைத்தால் கீழே மாட்டுவது 5 சதவீதம் மட்டுமே, அதிர்வெண்ணும் 3.516க்கு அருகே போய்விடும். ஐந்து தளக் கட்டடத்தில் மொத்த நிறையில் 0.9 சதவீதம் அடியில் கிடப்பது பெரிய விஷயமில்லை. ஒரே தூணில் நிற்கும் தொட்டி, விளக்குக் கம்பம், புகைபோக்கி போன்றவற்றில் உடைக்காமல் விட்டால் விடையே வேறாகிவிடும்.

இந்த மாதிரிக் குட்டிக் கோப்புக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. உதவிக் கையேட்டில் தேடுவதைவிட விரைவாக, நம் பதிப்பில் நம் அமைப்பில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. ஸ்டாட் புரோ மென்பொருளில் நிறையாக வேண்டிய லோடுகளை மூன்று திசைகளிலும் கொடுக்க வேண்டும். வேறு சிலவற்றில் செங்குத்து லோட் மட்டுமே நிறையாக மாறும், மேல்நோக்கிய லோட் நிறையைக் கழித்துவிடும்.

மையக்கோட்டின் விலை

இதுவரை கணக்கும் மாடலும் ஒரே மையக்கோட்டு அளவுகளில் பொருந்தின. உண்மையான கட்டடம் மையக்கோடுகளால் ஆனதல்ல. பீமின் மேல் 150 மிமீ ஸ்லாப்புக்குள் இருக்கிறது, இரண்டு முனைகளும் தூணுக்குள் இருக்கின்றன. இந்த மாடலின் அமைப்பில் இரண்டுமே இருமுறை எண்ணப்பட்டன. சுத்த நீளம் 94.35 மீட்டர், ஸ்லாப்புக்குக் கீழ் ஆழம் 350 மிமீ என்று போட்டால் பீம்கள் 247.7 கிலோநியூட்டன்தான், 382.5 இல்லை. மறுபக்கம் ஸ்லாப் தூணின் வெளிமுகம் வரை போகிறது, 18.45க்கு 12.45. தூண்கள் நிற்கும் இடத்தைக் கழித்தபின் 852.3, மாடலில் 810. ஆக ஒரு பக்கம் 134.8 அதிகம், இன்னொரு பக்கம் 42.3 குறைவு. நிகரம் தளத்துக்கு 92.6, ஐந்துக்கும் 47 டன். மொத்த நிறையில் 3.8 சதவீதம்.

இதைத் திருத்த வேண்டுமா? பலர் பாதுகாப்புப் பக்கம்தானே என்று விட்டுவிடுவார்கள். நிலநடுக்க விசைக்கு அது உண்மை. ஆனால் கவிழ்தலையும் ஓரத் தூண்களில் மேல்நோக்கிய இழுவையையும் சரிபார்க்கும்போது கூடுதல் எடை நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது, அது பாதுகாப்புப் பக்கம் இல்லை. அதனால் திருத்தினேன்.

வழி எளிது. பீம்களின் பண்புப் பெருக்கிகளில் எடைக்கும் நிறைக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கிறது. 247.7 ÷ 382.5 = 0.6475. வேண்டுமென்றே முதலில் எடைப் பெட்டியில் மட்டும் போட்டு ஓட்டினேன். சுய எடையின் எதிர்விசை 6,351.5க்கு இறங்கியது, மொத்த நிறை 1,232.8லேயே நின்றது. சுய நிறை வாசல் நிறைப் பெட்டியை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டிலும் போட்டதும் 1,164.1 டன். விடுபட்ட ஸ்லாப் ஓரத்துக்கு வெளிச்சுற்றில் மீட்டருக்கு 0.7 கிலோநியூட்டன் கோட்டு லோட் கொடுத்ததும் 1,185.5 டன். காலம் 1.20 வினாடி.

தொட்டி

இவ்வளவுக்கும் பிறகுதான் வந்த வேலைக்கே வந்தேன். தொட்டியில் 20 டன் தண்ணீர், நான்கு கணுக்களில் 49.03 கிலோநியூட்டன் வீதம். இதைக் கணு நிறையாகக் கொடுத்தால் அலைவில் வரும், தூண்களுக்கு எடையாக இறங்காது. லோடாகக் கொடுத்து மாஸ் சோர்ஸில் சேர்த்தால் இரண்டும் வரும். இரண்டு வழியிலும் கொடுத்தால் தண்ணீர் 40 டன் ஆகிவிடும். தனி லோடாக மட்டும் கொடுத்தேன், மொத்தம் 1,205.5.

தொட்டி ஓர இடைவெளியின் நடுவில், கட்டட மையத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி உட்காருகிறது. திருத்தத்துக்கு முந்தைய கூரை நிறை 205.9ஐ வைத்து உத்தேசமாகப் போட்டால் நிறை மையம் 20 × 6 ÷ 225.9, சுமார் 0.53 மீட்டர் நகர வேண்டும். பீம்கள் இலகுவானதால் மென்பொருள் காட்டியது 0.55. மொத்தத்தில் வெறும் 1.7 சதவீத நிறைதான், ஆனாலும் கூரைத் தளத்தின் முறுக்கத்தை மாற்றப் போதும்.

அடுத்த முறை லோடுகளை முதல் நாளே பிரித்து வைப்பேன்: சுய எடை, பூச்சு, சுவர், மாடி லைவ், கூரை லைவ், தொட்டி என்று ஒவ்வொன்றும் தனி. ஒவ்வொன்றுக்கும் எதிர்விசை, நிறை என்று விரிதாளில் இரண்டு நெடுவரிசை, பக்கத்திலேயே கைக்கணக்கு. வடிவமைப்புக் கட்டளையைத் தொடும் முன் அந்தத் தாள் முடிந்திருக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு முழுவதற்கும் தேவைப்பட்டது விரிதாளும் சில அட்டவணைகளும் ஒரு குட்டிக் கோப்பும் மட்டும்தான். விட்டிருந்தால், அலைவுக் காலத்தை உயரச் சூத்திரத்திலிருந்து எடுத்துப் போடும் அடிவெட்டு விசை (நிலநடுக்கத்தில் கட்டடத்தின் அடியில் வரும் மொத்தக் கிடைவிசை) 59 சதவீதம் பெருத்து, தூண்களும் அடித்தளமும் அதற்கேற்ப வீங்கியிருக்கும்.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. தரைத்தளச் சுவர்கள் தரைமட்ட பீமில் நிற்கின்றன, மாடலில் அவை இல்லவே இல்லை. ஒரு தளத்துச் சுவரின் எடையை மேல், கீழ் இரண்டு தளத்துக்கும் பிரிக்க வேண்டும் என்பது விதி, சமமாகப் பிரிப்பது வழக்கம். அப்படியென்றால் அவற்றில் பாதி, 300 கிலோநியூட்டன், முதல் தளத்துக்கு வர வேண்டும். மேலுள்ள சுவர்களிலும் பாதிப் பாதி ஒரு தளம் மேலே ஏற வேண்டும், கூரைக்கும் 300 போக வேண்டும். மென்பொருளோ சுவர் நிற்கும் பீமிலேயே முழுவதையும் வைத்திருக்கிறது. இடைத் தளங்களில் கீழிருந்து வருவதும் மேலே போவதும் ஒரே 300 என்பதால், அடுத்த பதிப்பில் அவற்றைத் தொடாமல் கூரையில் மட்டும் 300ஐச் சேர்த்து, நிறைக்கு மட்டும் பயன்படும் தனி லோடாக இதைப் போடப் போகிறேன். வடிவமைப்புச் சேர்க்கைகளில் அது வராது. மொத்தம் 30.6 டன் கூட வேண்டும், அதுவும் முழுக்கக் கூரையில்.